சேற்றுழவில் நின்று நின்று போகும் பழைய மாஸி 1035 டிராக்டர்: டீசல் எங்கே தடைபடுகிறது?

தென்பெண்ணைக்கரை | செப்டம்பர் 26, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். பாகூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் இருப்பது 1988 மாடல் மாஸி பெர்குசன் 1035. சிம்ப்சன் இன்ஜின், மூன்று சிலிண்டர், நாசிலுக்கு அழுத்தத்தில் டீசல் அனுப்ப ரோட்டரி பம்ப். அப்பா வாங்கிய வண்டி. இன்றுவரை எங்கள் நிலம், பக்கத்து நிலம் எல்லாம் அதுதான் உழுகிறது.

நான்கு நாளாகத் தொல்லை. காலையில் செல்ப் தொட்டதும் பிடிக்கிறது. கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேறடிக்கிறேன். இருபது, இருபத்தைந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் சத்தம் மெல்லக் குறைகிறது, இழுவை போகிறது, ரேஸ் கொடுத்தாலும் ஏறாமல் அப்படியே அணைந்துவிடுகிறது. கரும்புகை எதுவும் இல்லை. வரப்பில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போய்ச் செல்ப் அடித்தால் உடனே பிடிக்கிறது. ஆனால் அடுத்த முறை பதினைந்து நிமிடம்தான், அதற்கடுத்து பத்து நிமிடம்.

இரண்டு பில்டரும் மாற்றிவிட்டேன். வந்து பார்த்த மெக்கானிக், ரோட்டரி பம்ப் போய்விட்டது, கழற்றி வேலை பார்க்க 18 ஆயிரம் ஆகும் என்கிறார். நாற்று விட்டு 24 நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றரை காணி சேறடிக்க வேண்டும். பம்பைக் கொடுத்தால் எப்போது திரும்ப வரும் என்று தெரியாது. யாராவது வழி சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் கரும்பு | இரவு 9.32

தம்பி, முதலில் இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் ராட் முழுசாக உள்ளே போகிறதா பார். பழைய வண்டியில் கேபிள் துருவேறிப் பாதியில் நிற்கும், அதிர்ச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டாப் பக்கம் நகரும். எனக்கு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும்போது பாதி வழியில் இப்படி ஆனது. பம்ப் மேல் இருக்கும் லிவரைக் கையால் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஒரு நிமிட வேலை.

அது சரியாக இருந்தால் டீசல் பைப்பில் ஏர் (காற்று) இழுக்கிறது என்று அர்த்தம். எல்லா ஜாயின்ட்டையும் இறுக்கி ஏர் எடுத்துப் பார்.

பண்ருட்டி மல்லாட்டை | இரவு 9.50

சூடு ஏறியதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் பம்ப் தேய்மானம்தான். ரோட்டரி பம்பில் உள்ளே சுற்றும் தலை தேய்ந்துவிட்டால், டீசல் சூடாகி இளகும்போது அழுத்தம் நிற்காது. வண்டி நின்றதும் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். உடனே பிடித்தால் பம்ப் போனது உறுதி. என் சித்தப்பா வண்டியில் இதையேதான் பார்த்தோம். மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம்.

வில்லியனூர் டீசல் கடை | இரவு 10.45

முப்பது வருடமாகப் பம்ப், நாசில் வேலை செய்து பிழைக்கிறவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தம்பி பம்பைக் கழற்ற வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

மல்லாட்டை அண்ணன் சொன்ன ஈரத்துணிச் சோதனை உண்மையான சோதனைதான். ஆனால் தேய்ந்த பம்பின் குணம் வேறு. அது சூட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போதுதான் மக்கர் பண்ணும். ஏனென்றால் செல்ப் சுற்றும் வேகத்தில் பம்புக்குள் அழுத்தம் எழாது. ஓடும்போது வேகம் அதிகம், கசிந்தது போக மிச்சம் போதும். தம்பி வண்டி தலைகீழ். ஓடும்போது சாகிறது, பத்தே நிமிடத்தில் செல்ப் தொட்டதும் பிடிக்கிறது. பத்து நிமிடத்தில் வெயிலில் நிற்கும் இன்ஜின் எவ்வளவு ஆறிவிடும்? பம்ப் அப்போதும் கை வைக்க முடியாத சூட்டில்தான் இருக்கும். அந்தச் சூட்டிலேயே பிடிக்கிறது என்றால், சூடு காரணம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஈரத்துணி போடுகிறவர்கள் வண்டி நின்ற பிறகு மட்டும் போடுங்கள். ஓடும் பம்ப் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெளிக்கூடு சட்டென்று சுருங்கி உள்ளே சுற்றும் தலையைப் பிடித்துக்கொள்ளும். அப்படிச் செத்த பம்புகள் என் கடைக்கு வந்திருக்கின்றன.

டீசல் போகும் வழியை மனதில் வையுங்கள். டேங்க், அடியில் இருக்கும் காக் (திறந்து மூடும் குழாய்), கண்ணாடிக் கிண்ணம், பீட் பம்ப் (டீசலை பில்டருக்குத் தள்ளும் சின்ன பம்ப்), இரண்டு பில்டர், ரோட்டரி பம்ப், நாசில் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை). உங்கள் வண்டியில் டேங்க் பானட்டுக்கு அடியில், இன்ஜினுக்கு மேலே இருக்கிறது. அதனால் பீட் பம்ப் வரை டீசல் தானாகவே இறங்கி வர வேண்டும். நாளைக் காலையில் மூன்று காரியம் செய்யுங்கள், இதே வரிசையில்.

வண்டி சாகப் போகும் அந்த நேரத்தில் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனால், மூடியில் இருக்கும் மூச்சு ஓட்டை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் இழுவை உண்டாகி டீசலைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தி வைத்தால் எங்கேயாவது மெல்லக் காற்று புகுந்து மறுபடி ஓடும்.

அடுத்து, பீட் பம்புக்கு வரும் பைப்பை அந்த முனையில் கழற்றி ஒரு கேனில் விடுங்கள். பென்சில் தடிப்புக்கு விடாமல் விழ வேண்டும். முக்கியமான விஷயம், ஐந்து நிமிடமாவது விட்டுப் பாருங்கள். முதல் அரை நிமிடம் எந்த டேங்கும் நன்றாகத்தான் விழும்.

மூன்றாவது, டேங்கையே விட்டுவிட்டு ஓட்டிப் பார்ப்பது. ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசலை ஊற்றி, டேங்க் மட்டத்துக்கு உயரத்தில் கட்டி, கனமான ரப்பர் ஓஸ் வழியாக நேராகப் பீட் பம்புக்குக் கொடுங்கள். சைலன்சர் இருக்கும் பக்கம் வேண்டாம், எதிர்ப்பக்கம் கட்டுங்கள். நிற்காமல் ஓடினால் குற்றவாளி டேங்கும் காக்கும்தான். அப்போதும் நின்றால் அதற்கு அடுத்ததைப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் ஒரு ஸ்பானரும் ஒரு கேனும் போதும்.

பண்ருட்டி மல்லாட்டை | இரவு 11.02

நீங்கள் சொல்வது சரி அண்ணே. சித்தப்பா வண்டி நிறுத்திய பிறகு பிடிக்காமல்தான் அடம் பிடித்தது, ஓடும்போது அணைந்ததில்லை. அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை.

தென்பெண்ணைக்கரை | செப்டம்பர் 27, மதியம் 1.20

அண்ணே, காலை ஐந்தரைக்கே இறங்கிவிட்டேன். ஸ்டாப் ராட் சரியாக இருக்கிறது.

டேங்க் மூடி விஷயத்தைப் படித்ததும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெங்கல் புயலில் எங்கள் கொட்டகையின் ஷீட் பறந்துவிட்டது. வண்டி மழையிலேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் கொட்டிய மழையும், அப்புறம் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் இங்கே எல்லோருக்கும் தெரியும். மூடி வழியாகத் தண்ணீர் இறங்கக் கூடாது என்று அப்பா அதன்மேல் பாலிதீன் பை போட்டுச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். டீசல் ஊற்றும்போது அவிழ்ப்போம், திரும்பக் கட்டுவோம். மாதக்கணக்கில் அப்படியே பழகிவிட்டது.

இன்று பையை எடுத்துவிட்டு, மூடியின் ஓட்டையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். வண்டி நாற்பது நிமிடம் ஓடியது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் அதே போல அணைந்தது. மூடியைத் திறந்தேன், காற்றுச் சத்தம் இல்லை.

பைப்பைக் கழற்றிக் கேனில் விட்டேன். முதல் ஒரு நிமிடம் பென்சிலைவிடத் தடியாக விழுந்தது. இரண்டாவது நிமிடம் பாதி. நான்காவது நிமிடம் சொட்டுச் சொட்டாக. டேங்கில் கால்வாசிக்கு மேல் டீசல் இருக்கிறது. காக்கை மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்தேன். மறுபடி தடியாக விழுந்தது!

கேன் கட்டி ஓட்டினேன். ஒரு மணி நேரம், நிற்கவே இல்லை. அரை காணி முடித்துவிட்டேன்.

வில்லியனூர் டீசல் கடை | மதியம் 2.05

இதைவிடத் தெளிவாக ஒரு வண்டி பேச முடியாது.

உங்கள் டேங்கின் அடியில் காக் பொருந்தும் இடத்தில் உள்ளே ஒரு சின்னக் குழாய் மேல்நோக்கி நிற்கும். அதைச் சுற்றிப் பித்தளைச் சல்லடை. டேங்கின் அடியில் கசடு மிதந்துகொண்டிருக்கிறது. டீசல் ஓட ஓட, கசடு இழுபட்டுப் போய்ச் சல்லடைமேல் போர்த்திக்கொள்கிறது. ஓட்டம் நின்றதும் பிடி விட்டுக் கீழே உதிர்கிறது. அதனால்தான் டீ குடித்துவிட்டு வந்தால் ஓடுகிறது. போகப் போக நேரம் குறைந்ததற்கும் காரணம் அதுதான். சேற்று வயலில் வண்டி குலுங்கக் குலுங்கக் கசடு கலங்கிக்கொண்டே வரும்.

டேங்கை இறக்குங்கள், வேறு வழியில்லை. வண்டியில் இருக்கும்போதே கம்ப்ரஸர் காற்று அடித்தால் சல்லடை அந்த நேரத்துக்குத் திறக்கும், கசடு உள்ளேயே இருக்கும், நாலு நாளில் மறுபடி வரும். அவசரத்துக்குக் காற்று அடிக்கிறவர்களும் பீட் பம்ப் பக்கம் பைப்பைக் கழற்றிவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, பைப் வழியாக டேங்கை நோக்கி அடியுங்கள். பைப்பைக் கழற்றாமல் அடித்தால் பீட் பம்பின் டயாபிரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழியும்.

நெல்லிக்குப்பம் கரும்பு | மதியம் 2.40

டேங்க் கழுவ நாங்கள் செய்வது: சுத்தமான சின்ன ஜல்லி இரண்டு கைப்பிடி, இரண்டு லிட்டர் டீசல், வாயை அடைத்து இரண்டு பேர் பிடித்து நன்றாகக் குலுக்குவோம். கொட்டிவிட்டு மறுபடி. மூன்று தடவையில் துருவெல்லாம் வந்துவிடும். ஜல்லியை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். ஒன்று உள்ளே நின்றாலும் காக்கில் வந்து உட்காரும்.

தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். டேங்கில் ஓட்டை தெரிந்தால் வெல்டிங் கடைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். அந்த வேலை தெரிந்தவர், முறையாக ஆவியை வெளியேற்றிய பிறகுதான் தொட வேண்டும்.

காட்டுமன்னார்கோவில் சம்பா | மாலை 4.15

தம்பி, கசடு என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள். செங்கல் நிறத்தில் பொடியாக இருந்தால் துரு. கறுப்பாக, வழவழவென்று பாசி மாதிரி இருந்தால் அது வேறு விஷயம்.

வீராணம் பாசனத்தில் எங்களுக்கு எட்டு ஏக்கர். என் வீட்டுக்காரர் போன பிறகு வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன். இதே தொல்லை எனக்கும் வந்து, மூன்று பில்டர் மாற்றி, நாசில் மாற்றி, கடைசியில்தான் தெரிந்தது. டீசலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அவைதான் அந்த வழவழப்பு. சும்மா டீசலை மாற்றினால் போகாது. டேங்கின் சுவரில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் சொட்டுக்கூட இல்லாமல் காய வைத்தால்தான் போகும். தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு வாழ்வு இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நானும் யோசித்தேன். மழை ஒரு வழி. இன்னொன்று, நம் கடலோரக் காற்று. கால் டேங்க் டீசலோடு இரவில் வண்டி நின்றால், மிச்ச இடம் முழுக்க ஈரக்காற்று. விடியற்காலைக் குளிரில் உள்பக்கத் தகட்டில் வியர்த்து வழியும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடிக்குப் போய்விடும். வேலை முடிந்து வந்ததும் சாயங்காலமே டேங்கை நிரப்பி வைப்பதுதான் என் பழக்கம் இப்போது. காலையில் வண்டி எடுக்கும் முன் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்ப்பேன். அடியில் முத்து மாதிரி உருண்டு நின்றால் தண்ணீர்.

கேனில் வாங்கி வரும் டீசலையும் வந்த உடனே ஊற்றுவதில்லை. ஒரு இரவு அசையாமல் வைத்து, மேலாக ஊற்றி, கடைசி அரை லிட்டரைக் கேனிலேயே விட்டுவிடுவேன். அது கொசு மருந்தடிக்க, பூட்டுக்கு விட என்று எதற்காவது ஆகும்.

திருப்பாதிரிப்புலியூர் | மாலை 5.00

புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்று கடலூர் எல்லையிலிருந்து கேன் கேனாக வாங்கி வருகிறோம். அது தரம் குறைந்த டீசல், அதனால்தான் கசடு வருகிறது என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். உண்மையா?

வில்லியனூர் டீசல் கடை | மாலை 5.20

விலை வித்தியாசம் வரியால் வருவது. நாடு முழுக்க 2020 ஏப்ரல் முதல் ஒரே பி.எஸ்.6 தர டீசல்தான். சந்தேகம் இருந்தால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லலாம், ஐந்து லிட்டர் அளவு பாத்திரத்தில் அளந்து காட்டவும் சொல்லலாம். அது வாங்குபவரின் உரிமை. என் கடைக்கு வரும் பம்புகளைக் கெடுத்தது பெரும்பாலும் கேன். எண்ணெய் கேன், பூச்சி மருந்து கேன், பாதி காய்ந்த தண்ணீர் கேன். டீசலுக்கென்று ஒரு கேன், ஒரு புனல், புனலில் ஒரு வலை. வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது.

ரோட்டரி பம்ப் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். இன்லைன் என்ற இன்னொரு வகைப் பம்பின் கீழ்ப்பாகத்துக்கு என்ஜின் ஆயில் மசகு கொடுக்கும். ரோட்டரி பம்பில் உள்ளே சுற்றும் எல்லாவற்றுக்கும் டீசல்தான் மசகு. அதில் தண்ணீர் கலந்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது என்று பொருள்.

தென்பெண்ணைக்கரை | செப்டம்பர் 28, காலை 11.30

டேங்கை இறக்கினோம். அக்கா கேட்ட கேள்விக்குப் பதில், இரண்டும் இருந்தன. அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதன்மேல் கறுப்பாக ஆடை மாதிரி ஒரு படலம், கையில் எடுத்தால் வழுக்குகிறது. மூலைகளில் செந்துரு. சல்லடையின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஆடை போர்த்தியிருந்தது. அப்பா பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

ஜல்லி போட்டுக் குலுக்கி, நான்கு தடவை அலசி, வெயிலில் இரண்டு மணி நேரம் கவிழ்த்து வைத்தோம். சல்லடையைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். கண்ணாடிக் கிண்ணத்தின் தக்கை வாஷர் காய்ந்து வெடித்திருந்தது, புதிது போட்டேன். புது பில்டர்களையும் திறந்து பார்த்தேன், போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, முதல் பில்டர் கறுத்துவிட்டது. மறுபடி மாற்றினேன்.

இப்போது ஏர் எடுக்க வேண்டும். பீட் பம்பின் கை லிவரை அடிக்கிறேன், லொட லொட என்று ஆடுகிறது, டீசல் வரவில்லை. பீட் பம்பும் போய்விட்டதா?

வில்லியனூர் டீசல் கடை | காலை 11.38

போகவில்லை. உள்ளே கேம் (பீட் பம்பை இயக்கும் மேடு) தூக்கி நிற்கிறது, அதனால் லிவருக்கு வேலை இல்லை. செல்பை ஒரு தட்டுத் தட்டி இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். கையில் எதிர்ப்பு தெரியும்.

ஏர் எடுக்கும் வரிசை: முதலில் பில்டர் தலைமேல் இருக்கும் திருகு. லிவரை அடித்துக்கொண்டே இருங்கள், நுரை போய்த் தெளிந்த டீசல் வந்ததும், அடித்தபடியே மூடுங்கள். அடுத்து ரோட்டரி பம்பில் இரண்டு திருகுகள். நாசில் பைப்கள் கிளம்பும் தலைப்பகுதியின் பக்கவாட்டில் ஒன்று, மேலே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மூடியில் ஒன்று. பக்கவாட்டில் இருப்பது முதலில், மேலே இருப்பது அடுத்து. கவர்னர் பகுதி நிறைய நேரம் பிடிக்கும், பொறுமையாக அடியுங்கள். அப்புறம் ஸ்டாப் ராட் உள்ளே, ஆக்ஸிலேட்டர் முழுசாக. ஏதாவது இரண்டு நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ப் அடியுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள். செல்பை பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், நடுவே ஆற விடுங்கள்.

தளர்த்திய நட்டுக்கு எதிரே விரலை வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது மாதிரிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுப்போகும். அட்டையைக் காட்டிப் பாருங்கள். யாருக்காவது அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செம்பு வாஷர்களைத் திரும்பப் போடுவதாக இருந்தால், அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுங்கள், மெத்தென்று ஆகிவிடும். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அதன் நூல் பிய்ந்து பம்புக்குள்தான் போகும்.

தென்பெண்ணைக்கரை | மாலை 6.50

ஏர் எடுத்தேன். செல்ப் மூன்றாவது தடவையில் வெண்புகை வந்தது, நான்காவதில் பிடித்தது. இரண்டு மணி நேரம் சேறடித்தேன், நிற்கவில்லை. மீதி ஒரு காணியில் முக்கால் காணி முடிந்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கேஜ் வீலுக்கு நன்றாக இழுக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் மாமாவின் ரோட்டவேட்டரை (மண்ணைப் பொடியாக்கும் கருவி) மாட்டிப் பார்த்தேன். லோடு ஏறியதும் சத்தம் அமுங்குகிறது. அணையவில்லை, ஆனால் முன்பிருந்த பலம் இல்லை.

நெல்லிக்குப்பம் கரும்பு | இரவு 7.30

ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தாயா தம்பி? எனக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் பலம் குறைந்தது. ஆயில் குறைவதற்குப் பதில் அளவு கூடியிருந்தது, மோந்து பார்த்தால் டீசல் வாசனை. பீட் பம்பின் டயாபிரம் கிழிந்து டீசல் நேராக ஆயில் சேம்பருக்குள் இறங்கியிருக்கிறது. நான் ஒரு வாரம் கவனிக்காமல் ஓட்டியதில் பேரிங் எல்லாம் அடிபட்டது. ஆயில் அளவு கூடினால் சந்தோஷப்படாதே, அன்றே வண்டியை நிறுத்து.

தென்பெண்ணைக்கரை | இரவு 7.45

இப்போதே போய்ப் பார்த்தேன் அண்ணே. அளவு சரியாக இருக்கிறது, ஆயில் வாசனைதான். பீட் பம்பின் வெளிப்பைப்பைக் கழற்றிச் செல்ப் அடித்தேன், டீசல் நன்றாகத் துள்ளித் துள்ளி வருகிறது. ஏர் பில்டரில் ஆயில் மாற்றிப் போன வாரம்தான் கழுவினேன்.

வில்லியனூர் டீசல் கடை | இரவு 8.20

நல்லது, அப்போது பீட் பம்ப் வரை சரி. பில்டர் புதிது. பில்டருக்கும் பம்பின் உள்ளே இருக்கும் வேலைக்கும் நடுவில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. பில்டரிலிருந்து வரும் பைப் பம்பின் பின்மூடியில் மாட்டும் இடத்தில், உள்ளே நைலான் வலை ஒன்று இருக்கும். சுண்டு விரல் அளவு. நிறைய பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பழைய பில்டரைத் தாண்டி வந்த தூசியெல்லாம் அங்கேதான் நிற்கும். ஐடிலுக்கும் சேறடிக்கவும் வேண்டிய டீசல் அதில் போய்விடும், ரோட்டவேட்டர் கேட்கும் டீசல் போகாது.

அதை எடுக்கப் பம்பை இறக்க வேண்டியதில்லை. ஆனால் வயலில் வைத்துத் திறக்காதீர்கள். அந்த வலைக்குப் பின்னால் சின்ன ஸ்பிரிங்குகளும் ஒரு குட்டி பிஸ்டனும் வரிசையாக இருக்கின்றன. பம்புக்குள் எழும் அழுத்தத்தை அளந்து விடுவது அவைதான். வரிசை மாறினாலோ ஒன்று தொலைந்தாலோ நல்ல பம்ப் கெட்ட பம்ப் ஆகிவிடும். நாளை வண்டியை எங்காவது பம்ப் வேலை தெரிந்தவரிடம் ஓட்டிப் போய், அந்த வலையை மட்டும் பாருங்கள் என்று சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

காட்டுமன்னார்கோவில் சம்பா | இரவு 8.40

கழற்றும் முன் வெளியே மண் ஒட்டியிருப்பதை டீசலால் நன்றாகக் கழுவித் துடைத்துவிடச் சொல்லுங்கள் தம்பி. திறக்கும்போது உள்ளே விழும் மண்தான் பெரிய ஆபத்து.

தென்பெண்ணைக்கரை | செப்டம்பர் 30, இரவு 8.15

நேற்று மீதி கால் காணியை முடித்துவிட்டு, இன்று காலை வண்டியைப் பம்ப் வேலை தெரிந்த ஒருவரிடம் ஓட்டிப் போனேன். அக்கா சொன்னபடி முதலில் கழுவித் துடைத்தோம். பின்மூடி பைப்பைக் கழற்றி வலையை எடுத்ததும் அவர் என் கையில் வைத்தார். பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு சுருள் அடைத்திருந்தது. வலையின் பாதிக்கு மேல் வெளிச்சமே தெரியவில்லை. புது வலை, புது வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய்.

திரும்பி வந்து ரோட்டவேட்டர் மாட்டினேன். இறக்கியதும் ஒரு கணம் சத்தம் தாழ்ந்து, கவர்னர் பிடித்துத் தூக்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு வருடமாவது ஆகியிருக்கும். வீட்டுத் திண்ணையிலிருந்து அப்பா எழுந்து வந்து வரப்பில் நின்று பார்த்தார்.

நாளை மறுநாள் நடவு. ஆட்கள் சொல்லிவிட்டேன். வில்லியனூர் அண்ணனுக்கும், அக்காவுக்கும், கரும்பு அண்ணனுக்கும், மல்லாட்டை அண்ணனுக்கும் மனதார நன்றி.

பண்ருட்டி மல்லாட்டை | இரவு 8.40

ரொம்ப சந்தோஷம் தம்பி. சித்தப்பா வண்டியிலும் அந்த வலையைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வில்லியனூர் டீசல் கடை | இரவு 9.05

புது பில்டரில் முதல் பில்டரை மட்டும் ஐம்பது மணி நேரம் ஓடியதும் ஒரு தடவை திறந்து பாருங்கள். டேங்கை எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது இந்த நாட்களில் வந்து சேரும். கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். மூடிக்கு மழையில் என்ன செய்யப் போகிறீர்கள்?

தென்பெண்ணைக்கரை | இரவு 9.20

பழைய பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன் அண்ணே. மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது, காற்று போகும். ஐப்பசி மழைக்கு முன்னால் கொட்டகைக்கு ஷீட் போட்டுவிடுவோம்.